கூதிர்காலமும் காலை எட்டரை மணியும்: ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஐப்பசியையும் கார்த்திகையையும் நம் இலக்கணம் கூதிர்காலம் என்று வகுத்திருக்கிறது. வடசென்னையில் குடியிருப்பவர்களுக்கு அது மழைக்காலம் மட்டுமே. ‘ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை’ என்று வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டு, புரட்டாசி முடியும்போதே குடையையும் டார்ச்சையும் எடுத்து வைத்துவிடுவோம். ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களில் பலர் தங்கள் உடம்பையும் பழக்கத்தையும் மட்டும் இந்த மழைக்கு ஆயத்தம் செய்வதில்லை. தெருவில் தண்ணீர் நின்றதும் காலை நடை நிற்கிறது. நடை நின்றதும் டீக்கடைப் பேச்சு நிற்கிறது. பிறகு நாற்காலியும் தொலைக்காட்சியுமாக எட்டு வாரம் கழிந்து, தை பிறக்கும்போது முழங்கால் மடங்க மறுக்கிறது. ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு முதல் மழைக்காலம் இப்படித்தான் போயிற்று. போன பழக்கத்தை மீட்க அடுத்த பங்குனி வரை ஆனது.

பட்டறையில் இருந்தவரை சங்கு ஊதினால் நாள் தொடங்கும், சங்கு ஊதினால் முடியும். வீட்டில் சங்கு இல்லை. வெயில் காலத்தில் அந்தக் குறையை நடையும் பூங்காவும் நிரப்பிவிடுகின்றன. மழைக்காலத்தில்தான் அது தெரிய வருகிறது. ஆகவே இந்த இரண்டு மாதங்களுக்கும் மழையால் நின்றுபோகாத ஒரு வேலையைக் குறித்த நேரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதே நான் கண்டுகொண்டது. எனக்கு அந்த வேலை மழையை அளப்பது. நேரம் காலை எட்டரை மணி. மற்ற எல்லாவற்றையும் அந்த எட்டரையைச் சுற்றியே அமைத்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பிறரும் செய்துபார்க்கும்படி இங்கே விவரமாகச் சொல்கிறேன்.

மழைமானி செய்வதும் வைப்பதும்

இந்திய வானிலைத் துறை ஒரு நாளின் மழையை முந்தைய நாள் காலை எட்டரை மணி முதல் இன்று காலை எட்டரை மணி வரை என்றுதான் கணக்கிடுகிறது. நாமும் அதே நேரத்தில் அளந்தால்தான் நம் கணக்கை நாளிதழில் வரும் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் வானிலை நிலையங்களின் கணக்குகளோடு வைத்துப் பார்க்க முடியும்.

கடையில் கிடைக்கும் மழைமானி தேவையில்லை. வாய் 16 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பிளாஸ்டிக் புனலும், ஐந்து லிட்டர் கேன் ஒன்றும் போதும். 16 என்ற எண்ணுக்குக் காரணம் இருக்கிறது. ஆரம் 8 சென்டிமீட்டர். எட்டை எட்டால் பெருக்கி 3.14-ஆல் பெருக்கினால் வாயின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர சென்டிமீட்டர் வருகிறது. அந்தப் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கேனில் 20 மில்லிலிட்டர் தண்ணீர் சேரும். ஆகவே சேர்ந்த தண்ணீரை மில்லிலிட்டரில் அளந்து 20-ஆல் வகுத்தால் மழை மில்லிமீட்டரில் கிடைத்துவிடும். கையில் இருக்கும் புனல் 15 சென்டிமீட்டராக இருந்தால் அதையும் வீணாக்க வேண்டாம், அதற்கு 17.7-ஆல் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் புனலின் வாயை அளக்கும்போது உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புக்கு அளப்பது முக்கியம். வெளிவிளிம்பை அளந்துவிட்டு ஆண்டு முழுவதும் கணக்குக் குறைகிறதே என்று தவிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

புனலின் சரிவு தட்டையாக இருந்தால் பெருந்துளிகள் அதில் விழுந்து தெறித்து வெளியே போய்விடும். புனலின் விளிம்பைச் சுற்றி நான்கு விரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தகட்டை நேராக நிற்கும்படி ஒட்டிவிட்டால் தெறிப்பு அடங்கும். புனலின் காம்பு கேனின் மூடியில் இறங்கும் இடத்தை எம்சீல் பசை வைத்து அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெளிப்புறமாக வழியும் தண்ணீரும் உள்ளே போய்ச் சேரும். இப்படிப் புனல் மூடியோடு சேர்ந்திருந்தால் திறந்து ஊற்றுவதற்கு எளிது. கேன் வெள்ளையாக இருப்பது நல்லது. வெயில் அடிக்கும் நாளில் உள்ளே இருக்கும் தண்ணீர் அதிகம் ஆவியாகாது.

வைக்கும் இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் சுவர் மழையை மறைக்கும். தண்ணீர்த் தொட்டிக்கு அருகில் வைத்தால் தொட்டியின் மேல் விழும் மழை தெறித்துச் சேரும். தென்னை மட்டை நீண்டு நிற்கும் பக்கமும் கூடாது. மறைக்கும் பொருள் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வைப்பது பொதுவான கணக்கு. மூன்றடிக் கைப்பிடிச் சுவர் என்றால் ஆறடி. புனலின் வாய் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருந்தால் தரைத் தெறிப்பு ஏறாது. வெறுங்கேன் காற்றில் உருண்டு ஓடிவிடும் என்பதால் நான்கு பக்கமும் செங்கல் அடுக்கி நடுவில் நிறுத்த வேண்டும்.

காலை எட்டரை மணிக்கு மாடிக்குப் போய், கேனில் உள்ளதை அளவுக் குவளையில் ஊற்றி அளக்கிறேன். கடைசியில் மிஞ்சும் கொஞ்சத்துக்கு இருமல் மருந்துப் புட்டியோடு வரும் பத்து மில்லிலிட்டர் மூடி உதவுகிறது. அந்த ஒரு மூடி அரை மில்லிமீட்டர் மழை. ஒரு நோட்டில் தேதி, மில்லிலிட்டர், மில்லிமீட்டர், குறிப்பு என்று நான்கு பத்தி போட்டு, பென்சிலால் எழுதுகிறேன். ஈரக் கையோடு மை எழுத்து நிற்காது. ஓர் இரவில் 1,340 மில்லிலிட்டர் சேர்ந்திருந்தால் அது 67 மில்லிமீட்டர், நாளிதழ் மொழியில் 6.7 சென்டிமீட்டர். வானிலைத் துறையின் வகைப்பாட்டில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து கனமழை, 115.6-லிருந்து மிகக் கனமழை, 204.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. 2.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த நாளை மழைநாளாகவே எண்ணுவதில்லை. ஐந்து லிட்டர் கேன் 250 மில்லிமீட்டர் வரை தாங்கும். புயல் எச்சரிக்கை இருக்கும் நாளில் மாலையிலும் ஒருமுறை அளந்து கொட்டிவிட்டு, காலையில் இரண்டையும் கூட்டிக்கொள்வது பாதுகாப்பு.

இரண்டாம் ஆண்டிலேயே எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் இந்த நோட்டைத் தேடி வரத் தொடங்கிவிட்டார்கள். ‘தாத்தா, எவ்ளோ பேஞ்சிருக்கு, ஸ்கூல் லீவு உடுவாங்களா?’ என்று எட்டு மணிக்கே கீழ்ப்படியில் நின்று கேட்பார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி இப்போது என்னை விடவும் சரியாக இருபதால் வகுக்கிறாள். அவள் எழுதிய நாட்களின் எண்கள் மட்டும் நோட்டில் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பேரன் பேத்திகள் உள்ள வீட்டில் இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள்.

எண்ணை எழுதிய பிறகு செய்யக்கூடியது

அளவு கையில் வந்ததும் அது வேறு வேலைகளுக்கு இழுத்துச் செல்லும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் தண்ணீர். 600 சதுர அடி மொட்டை மாடி ஏறக்குறைய 56 சதுர மீட்டர். மேலே சொன்ன 67 மில்லிமீட்டர் இரவில் அந்த ஒரு மாடியில் மட்டும் 3,700 லிட்டர் விழுந்திருக்கிறது. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு 2003-இல் கட்டாயமாக்கப்பட்டது. குழாய்கள் இன்றும் இருக்கின்றன. வடிகட்டித் தொட்டியில் இருக்கும் கூழாங்கல்லையும் மணலையும் வாரிக் கழுவிப் போட்டவர்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி. புரட்டாசி கடைசி வாரத்தில் ஓர் ஆளை வைத்து அதைச் செய்துவிட்டு, முதல் மழையை வெளியே விட்டு மாடி கழுவப்பட்ட பிறகு அடுத்த மழையைக் கிணற்றுக்குத் திருப்புங்கள். கடலை ஒட்டிய நம் பகுதியில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே ஏறியது ஐம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட கதை. கிணற்றின் உப்பைக் குறைக்க நம் கையில் இருக்கும் வழி கூரைத் தண்ணீர்தான். ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு நுனியில் இரும்பு நட்டுக் கட்டி, ஞாயிறுதோறும் கிணற்றில் விட்டு நீர்மட்டத்தை நோட்டில் எழுதிவந்தால், மழைக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை நாள் இடைவெளி என்பது உங்கள் தெருவுக்கே உரிய கணக்காகக் கிடைக்கும்.

அடுத்து ஏரி. புழல் ஏரியின் முழு உயரம் 21.20 அடி, கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. அன்றன்று இருப்பு எவ்வளவு என்பது நாளிதழிலும் குடிநீர் வாரியத்தின் தளத்திலும் வருகிறது. இதை எழுதிவைப்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. புழலின் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக ஓடி எண்ணூர் அருகே கொசஸ்தலை ஆற்றோடு சேர்கிறது. ஏரி நிரம்பும் தறுவாயில் மேலும் ஒரு கனமழை வந்தால் அந்தக் கால்வாய்க் கரையில் இருப்பவர்கள் கட்டிலின் மேல் எதை ஏற்ற வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வயதானவர்கள் உள்ள வீடு ஆயத்தமாவதற்கு இரண்டு மணி நேரம் அதிகம் கிடைத்தாலே பெரிய உதவி.

மாடித்தோட்டம்: மழையில் எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது

அளந்து முடித்ததும் செடிகளைப் பார்க்கும் நேரம். அதற்கு முன் தரையைப் பார்க்க வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகைக் காலையில், பாசி படிந்த மாடியில் தேய்ந்த ரப்பர் செருப்போடு நடந்து, வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆறு வாரம் கட்டு. எழுதவோ, திருப்புளி பிடிக்கவோ, சட்டைப் பொத்தான் போடவோ முடியாமல் இருந்த அந்த ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்: மழை தொடங்கும் முன்பும், பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறையும், மழை விட்டிருக்கும் நாளில் பிளீச்சிங் பவுடரைத் தூவி, சற்று ஊறவிட்டு, தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவ வேண்டும். தண்ணீர் செடிப் பைகளின் பக்கம் போகாமல் வடிகுழாய்ப் பக்கம் தள்ள வேண்டும். அந்த நேரம் சேகரிப்புக் குழாயை மூடிவைக்க மறக்கக் கூடாது. காலில் அடிப்பகுதி பள்ளமும் மேடுமாக உள்ள செருப்பு வேண்டும். படியில் ஒரு கை கைப்பிடியில் இருக்க வேண்டும் என்பதால் அளவுக் குவளை, நோட்டு எல்லாவற்றையும் தோளில் மாட்டும் ஒரு துணிப்பைக்குள் போட்டுக்கொள்கிறேன்.

மழைக்காலத்தில் செடிகள் சாவது பெரும்பாலும் தண்ணீர் நின்றுதான். பைகளைத் தரையில் வைக்காமல் இரண்டிரண்டு செங்கல் மேல் ஏற்றி, அடித்துளைகளை ஒரு குச்சியால் குத்தி அடைப்பு நீக்க வேண்டும். கோடையில் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்று நாம் தாராளமாகக் கலக்கும் தேங்காய் நார்க்கழிவு, இப்போது அதே குணத்தாலேயே வேரை அழுகவைக்கும். புதிதாக நிரப்பும் பைகளுக்கு அதைக் குறைத்து, மணலையும் தொழுவுரத்தையும் கூட்டுங்கள். தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலந்து ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து போட்டால் நாற்றழுகல் குறைகிறது. வேப்பெண்ணெய்க் கரைசலை மழை வரும் நாளில் தெளிப்பது எண்ணெயைக் கால்வாயில் ஊற்றுவதற்குச் சமம். இரண்டு நாள் வெயில் கிடைக்கும் இடைவெளிக்குக் காத்திருங்கள்.

திறந்த வெளியில் கீரை விதைப்பதையும் கொத்தமல்லி விதைப்பதையும் இந்த மாதங்களில் விட்டுவிடலாம். முளைத்த மறுநாளே ஒரு கனமழை அடித்தால் எல்லாம் மண்ணோடு படிந்துவிடும். அவற்றுக்கு மார்கழி நல்ல மாதம். ஐப்பசியில் செய்ய வேண்டியது நாற்று விடுவது. ஜன்னல் சன்ஷேடின் அடியிலோ படிக்கட்டுக் கூரையின் ஓரத்திலோ, வெளிச்சம் வரும், சாரல் அடிக்காத ஓர் இடத்தில் குழித்தட்டை வைத்துக் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் விட்டால், நான்கைந்து வாரத்தில், அதாவது கார்த்திகை நடுவில், நடுவதற்கு ஏற்ற நாற்று இருக்கும்; மழை ஓயும்போது செடி வேர்பிடித்திருக்கும். ஆடியில் போட்ட அவரைக்கு இதுவே பூக்கும் காலம். பழைய நாட்டு அவரை பகல் குறைந்தால்தான் பூக்கும். ஆவணியில் கொடி மட்டும் ஓடுகிறதே என்று அறுத்துப் போட்டவர்கள் ஐப்பசி வரை பொறுத்திருந்தால் காய் பார்த்திருப்பார்கள். ஒரு தொட்டி டிசம்பர் பூவுக்கும் இடம் கொடுங்கள். வேறு எதுவும் பூக்காத ஈர நாளில் அந்த ஊதா நிறத்தைப் பார்க்க நான் ஒரு தடவை கூடுதலாகப் படி ஏறுவதுண்டு.

புயல் எச்சரிக்கை வந்த அன்று மூன்று வேலைகள் இருக்கின்றன. நிழல்வலையைக் கழற்றிச் சுருட்டுவது முதல் வேலை. அது கப்பல் பாய் போலக் காற்றை வாங்கிக் கம்பத்தையும் பிடுங்கிவிடும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தெருவில் பறந்தவற்றில் நிழல்வலைகளே அதிகம். அடுத்து, கைப்பிடிச் சுவரின் மேலிருக்கும் தொட்டிகளை இறக்குவது. கடைசியாக, உயரமான செடிகளைப் படுக்கவைப்பது. நனைந்த பையைத் தனியாளாகத் தூக்காதீர்கள். ஒரு சாக்கின் மேல் சரித்து இழுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

தொட்டியடித் தட்டு, பழைய வாளி, தேங்காய் ஓடு என எதில் தண்ணீர் நின்றாலும் வாரம் ஒருமுறை கவிழ்த்துவிட வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரத்துக்குச் சற்று மேல் போதும். நான் ஞாயிற்றுக்கிழமைக் கிணற்றுக் கயிற்றோடு இதையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

நடையை எங்கே, எப்போது வைத்துக்கொள்வது

கரையோரத்தில் வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும்தான் வலுக்கிறது. பிற்பகலில் வானம் சற்று வெளுப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஆண்டு முழுவதும் காலை ஐந்து மணிக்கு நடப்பவர்கள் இந்த இரண்டு மாதமும் பிற்பகல் நான்கு மணிக்கு மாற்றிக்கொண்டால் பாதி நாட்கள் தப்பும். கிளம்புமுன் வானிலைத் துறை இணையதளத்தில் சென்னை ரேடார் படத்தைப் பார்ப்பது என் வழக்கம். மழை நமக்குக் கடலிலிருந்து கரைக்கு வருகிறது. எனவே படத்தில் காசிமேட்டுக்குக் கிழக்கே, கடலுக்கு மேல் மஞ்சளோ சிவப்போ திரண்டிருந்தால் அரை மணி பொறுக்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கும் ராபின்சன் பூங்கா நடப்பதற்கு நல்ல இடம். 1949 செப்டம்பர் 18 அன்று திராவிட முன்னேற்றக் கழகத்தின் தொடக்கப் பொதுக்கூட்டம் கொட்டும் மழையில் நடந்த இடம் அது. மழைக்கு அஞ்சாத பூங்கா என்று என் நடைத்தோழர் சொல்வார். 2021-இல் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கிய பிறகு, திருவொற்றியூரிலிருந்து வண்ணாரப்பேட்டைக்கு நனையாமல் வருவதும் எளிதாயிற்று.

வெளியே போக முடியாத நாளில் வீட்டுக்குள்ளேயே நடந்தாக வேண்டும். எங்கள் நடைவழி இருபத்திரண்டு அடி நீளம். ஒரு கிண்ணத்தில் நூறு புளியங்கொட்டை. ஒரு முறை போய்த் திரும்பினால் ஒரு கொட்டை அடுத்த கிண்ணத்துக்குப் போகும். நூறும் மாறினால் 4,400 அடி, அதாவது 1.3 கிலோமீட்டருக்குச் சற்று மேல். காலையில் ஒரு கிண்ணம், மாலையில் ஒரு கிண்ணம். குனிந்து கொட்டையை எடுத்துப் போடுவதும் இடுப்புக்கு நல்லதென்று என் மனைவி தன் கிண்ணத்தை முக்காலியின் மேல் வைத்துக்கொள்கிறார். எனக்குக் கட்டில் உயரம் போதும்.

தேங்கிய தண்ணீரில் இறங்க வேண்டாம் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். எலியின் சிறுநீர் கலந்த அந்தத் தண்ணீரிலிருந்து எலிக்காய்ச்சல் வருகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். கண்ணாடி குத்தியதே மறுநாள்தான் தெரியும். இறங்கியே தீர வேண்டிய நிலை வந்தால் மூடிய காலணி போட்டு, வீட்டுக்கு வந்ததும் சோப்பால் கழுவி, விரலிடுக்கு வரை துடைத்து, கண்ணாடியை வைத்துப் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். பிறகு காய்ச்சல் வந்தால், தண்ணீரில் நடந்ததை மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். வழக்கமான மாத்திரைகளைப் பதினைந்து நாளுக்குக் குறையாமல் முன்கூட்டியே வாங்கிவைப்பதும் புரட்டாசி வேலைதான்.

இறக்கையோடு வருபவர்கள்

நோட்டின் ‘குறிப்பு’ என்ற பத்தி முதலில் காலியாகவே கிடந்தது. பிறகு அதைப் பறவைகள் நிரப்பின. ஐப்பசியில் வடக்கிலிருந்து வருபவை நம் மின்கம்பியிலேயே உட்காருகின்றன. தகைவிலான் குருவிகள் வரிசையாக அமரும்; பழுப்புக் கீச்சான் தனியாக, கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டையோடு, ஒரே கிளையை நாளெல்லாம் காவல் காக்கும். ஒரு முறை மழை விட்ட காலையில் எங்கள் கட்டடத்தின் பின்புற முருங்கையடியில், பச்சை முதுகும் சிவந்த அடிவயிறுமாக ஒரு பறவை சருகைப் புரட்டிக்கொண்டிருந்தது. ஆறுமணிக்குருவி. இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, தெற்கே போகும் வழியில் இந்த மாதங்களில் சென்னைத் தோட்டங்களில் களைத்து இறங்கும் பறவை அது. காலை ஆறு, மாலை ஆறு மணியளவில் கூவுவதால் அந்தப் பெயர். கண்டால் நாயையும் பூனையையும் விலக்கி, நாமும் தள்ளி நின்றால் போதும். ஓரிரு நாளில் தெம்பு வந்து போய்விடும்.

பறவை பார்க்க இருநோக்கி (பைனாகுலர்) வாங்குவதானால் எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் வில்லை உள்ளதாகப் பாருங்கள். பத்து மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும், நம் வயதுக்கு ஒத்துவராது. மாதவரம் பால்பண்ணைப் பக்கத்து மரங்கள், எண்ணூர்க் கழிமுகத்துச் சேற்றுத் திட்டுகள் இரண்டும் அரைநாள் பயணம். மழை ஓய்ந்த பிறகு ஒரு முழுநாளை ஒதுக்கிப் பழவேற்காட்டுக்குப் போனால் பூநாரைகளைக் காணலாம்.

கேரம் பலகையும் ஈரமும்

மாலைக்கு ஆட்கள் வேண்டும். மழைக்காலத் தனிமை மருந்துக்கு அடங்காது; நாலு பேர் கூடும் ஒரு பலகை அதை அடக்கும். வடசென்னைக்குக் கேரத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2008-இல் உலகப் பட்டம் வென்ற இளவழகி வியாசர்பாடிக்காரர். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் இந்தப் பக்கத்துப் பெண்தான். ஆனால் ஈரக்காற்றில் பலகை இழுக்கும், ஸ்ட்ரைக்கர் பாதியில் நின்றுவிடும். பலர் உடனே போரிக் பவுடரை அள்ளிக் கொட்டுகிறார்கள். ஈரத்தோடு சேர்ந்து அது மாவாகப் பிடித்துக்கொள்ளும். முன்பெல்லாம் பலகைக்கு மேல் தொங்கிய குண்டு பல்பின் சூடே ஈரத்தை எடுத்துவிடும். இப்போது எல்இடி வந்ததால் அந்தச் சூடு இல்லை. அதனால் ஆடுவதற்கு அரை மணி முன் காய்ந்த துணியால் துடைத்து, ஹேர் டிரையரைக் கையளவு உயரத்தில் வைத்து மெதுவாக ஓட்டி, ஆறிய பிறகு மெல்லிசாகப் பவுடர் தூவுங்கள். ஆட்டம் முடிந்ததும் பலகையைச் சுவரில் சாய்க்காமல், உள்சுவர் ஒன்றில் செங்குத்தாக மாட்டிவைத்தால் வளையாது.

எங்கள் கூட்டத்தில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் ஒருவர் இருக்கிறார். பலகைக்கு வந்து உட்காரும்போதே, ‘இன்னா நைனா, இன்னிக்கு எத்தினி மில்லி?’ என்று நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் முதல் அடியை அடிப்பார்.

ஓய்வூதியக் காகிதமும் ஆண்டுக் கணக்கும்

மத்திய அரசின் ஓய்வூதியர்கள் நவம்பரில் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டும். எண்பது வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். மழையில் வங்கி வரிசையில் நிற்கத் தேவையில்லை. ஜீவன் பிரமாண் செயலியில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யலாம், அல்லது தபால்காரரை வீட்டுக்கு வரச் சொல்லிச் சிறு கட்டணத்தில் முடிக்கலாம். மாதத்தின் முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். கடைசி வாரத்தில் புயல் வந்தால் மின்சாரமும் இருக்காது, சிக்னலும் இருக்காது.

கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாட்கள் மட்டும் திருவொற்றியூர்க் கோயிலில் ஆதிபுரீசுவரரின் கவசத்தை நீக்கித் தரிசனம் தருவார்கள். கூட்டம் அதிகம் இருக்கும். முதல் நாள் மாலையைத் தவிர்த்து இரண்டாம் நாள் பிற்பகலில் போனால் நம்மால் நிற்க முடிகிறது.

வடகிழக்குப் பருவமழையின் அரசுக் கணக்கு அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31 வரை. டிசம்பர் கடைசி நாள் எழுதியதும் மூன்று மாதத்தையும் கூட்டுங்கள். சென்னைக்கு இந்தப் பருவத்தின் சராசரி ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். உங்கள் மாடி அதற்கு மேலா கீழா என்பதைப் பக்கத்தின் அடியில் எழுதி, கிணற்று நீர்மட்டத்தையும் புழல் ஏரியின் இருப்பையும் அருகில் குறித்துவையுங்கள். கேனை மட்டும் எடுத்துவைத்துவிட வேண்டாம். ஜனவரியிலும் சில ஆண்டு நல்ல மழை பெய்கிறது. புனலைக் கழுவி, காம்பில் அடைத்திருக்கும் இலைத்துணுக்கை நீக்கி, மறுபடி செங்கற்களுக்கு நடுவிலேயே நிறுத்துங்கள்.